படிவத்தில் விடுபட்ட அக்கா

நவம்பர் 4, திங்கள்

மூடுபனி. எதிர்வீடு தெரியவில்லை. நேற்று மூட்டு நோய்க்கான வார மாத்திரை விழுங்கிய நாள். அதனால் இன்று உடம்பு நனைந்த சாக்கு. பத்து மணிக்குத்தான் விரல் மடங்கியது. நான்கு வரிக்கு ஒரு ஓய்வு. ஆனாலும் என் கையெழுத்து! எழுபத்தொரு வயதில், சர்ச் ஹாலில் நான்கு மாத எழுத்து வகுப்பு. எழுதியதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

வேலை: கோழிக்குத் தவிடு. கண் சொட்டு மருந்து. மதுரை டாக்டரம்மா கொடுத்த குடும்ப நோய் விவரப் படிவம், 12ஆம் தேதி செவ்வாய்க்கிழமை கொண்டுபோக.

எனக்கு முடக்குவாதம், பதினொரு வருடம். மகள் அமலிக்குத் தைராய்டு. இப்போது அவளுக்கும் காலையில் விரல் மடங்கவில்லை. விடுதியில் போர்வை துவைக்கிற கை. "ஈரத்துல நிக்கிறதாலதாம்ப்பா" என்கிறாள். டாக்டரம்மா ஒப்பவில்லை.

நவம்பர் 6, புதன்

மழை. படிவம் கொடுத்த அன்று டாக்டரம்மா சொன்னது, மறப்பதற்குள்:

"உடம்பைக் காக்குற சக்தியே ஆள் தெரியாம சொந்த உடம்பைத் தாக்குதுங்கய்யா. உங்களுக்கு மூட்டு, மகளுக்குத் தைராய்டு. இன்னொருத்தருக்குத் தோல்ல வெள்ளையா வரலாம். இதுக்கெல்லாம் பொதுவா சில மரபணு இருக்கு. வந்தே தீரும்னு இல்ல. ஆனா குடும்பத்துல யாருக்கு என்னன்னு தெரிஞ்சா அமலியைச் சீக்கிரமே கவனிக்கலாம்."

வெள்ளை என்றதும் நானும் அமலியும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

எனக்கு ஒரு அக்கா உண்டு. சவரியம்மா. வில்பட்டியில் தனியாக இருக்கிறாள். கையிலும் கழுத்திலும் வெண்புள்ளி. தொட்டால் ஒட்டும் என்று பயந்து அவளுக்குத் தனி டம்ளர் வைத்தவன் நான். அமலிக்கு வரன் பார்த்தபோது எனக்கு அக்காவே இல்லை என்றேன். அதற்குப்பின் எல்லாப் படிவத்திலும் அமலி எழுதுவாள், நான் கைநாட்டு வைப்பேன். உடன்பிறந்தோர்: இல்லை.

இன்று அமலி: "இந்தவாட்டி நீயே எழுதுப்பா. ஒனக்குத்தான் எழுத்து வந்துருச்சுல்ல."

நவம்பர் 7, வியாழன்

கழுத்து வலி. படிவத்தை மூன்று முறை எடுத்தேன், மூன்று முறை வைத்தேன்.

அமலி பீங்கான் கப்பைத் தவறவிட்டாள். பிடி நிற்கவில்லை. உடைந்ததைப் பொறுக்க அவளுக்கும் விரல் வரவில்லை, எனக்கும் வரவில்லை. நடுவில் கிடந்தது. "ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு கை இருந்தாக்கூடப் போதும்ப்பா." சிரித்தாள். பிறகு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நவம்பர் 9, சனி

வெயில், கொஞ்சம். கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டில் யாரையும் கேட்கவில்லை. போர்டை நானே படித்தேன். வில்பட்டி! ஏறியதும் தூங்கிவிட்டேன். கண்டக்டர் எழுப்பினார்.

அக்கா வாசலில் கேரட் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நாந்தான்க்கா."

"நான் யாருக்கும் அக்கா இல்லன்னுல்ல கேள்விப்பட்டேன்."

நின்றேன். "உக்காரு. டீ வைக்கேன். இங்க எல்லா டம்ளரும் ஒண்ணுதான், பாத்துக்க."

அமலியின் விரலைச் சொன்னேன். டாக்டரம்மா சொன்னதையும் சொன்னேன். என் கையைப் புரட்டிப் பார்த்தாள்.

"ஏலே, அப்ப ஒன் முட்டும் என் தோலும் ஒரே சட்டிச் சோறா? ஒனக்கும் ஒரு டம்ளர் தனியா வச்சிருக்கணும்டா."

தப்பு என்று மட்டும் சொன்னேன். அவள் கேரட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தைராய்டு மாத்திரை நானும்தான் திங்கேன். வெள்ளனே, வெறும் வயித்துல. அதையும் எழுது. என் கண்ணு முன்னால எழுது."

எழுதினேன். அக்கா. சவரியம்மா. வெண்புள்ளி, தைராய்டு. ரொம்ப நேரம் பிடித்தது. டீ ஆறிவிட்டது.

"எங்கடா இருக்கேன் நான்?"

காட்டினேன். வெள்ளை விரலை அந்த வரியில் வைத்தாள். எடுக்கவில்லை.

அடுத்த கட்டம்: உயிருடன் உள்ளாரா? வாசித்துக் காட்டினேன்.

"அத டாக்டரே பாத்துக்கிடட்டும். நானும் மதுரைக்கு வாரேன்."

சாயங்காலம் அமலி படிவத்தை வாசித்தாள். அக்காவும் மதுரைக்கு வருகிறாள் என்றேன். அதற்கு அவள்: "செவ்வாக்கெழம பஸ்ஸுல அத்தைக்கு ஜன்னல் சீட்டுப்பா. மலை எறக்கத்துல அதுக்கு அப்பவே வாந்தி வரும்."