உனக்கு ஆகாத சர்க்கரைப் பொங்கல்

இன்று ஆயுத பூஜை. இப்போது நான் வேலை பார்க்கிற வடக்குத்து ஊர் லாரி ஷெட்டில் காலையிலேயே நெய் வாசனை. வாசனை மூக்கில் ஏறியதும் கை முறுக்கிக்கொண்டது. யாரையாவது அடிக்க வேண்டும் போலிருந்தது. நீ போனதிலிருந்து ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் எனக்கு இப்படித்தான்.

வயிற்றுப்புண்ணுக்காக இளவயதில் பாண்டிச்சேரியில் உன் வயிற்று நரம்பை வெட்டினார்கள். எரிச்சல் போனது, வேறொன்று வந்து ஒட்டிக்கொண்டது. இனிப்பாக எதைத் தின்றாலும் வயிறு பிடித்து வைக்காமல் மொத்தத்தையும் குடலில் கொட்டிவிடும். கொஞ்ச நேரத்தில் உடம்பில் சர்க்கரை சரிந்து, வியர்த்து, கண் இருண்டு, கால் தள்ளாடும். குடித்தவன் போல வாயில் கண்டபடி வார்த்தை வரும். "நரம்போட சேத்து என் மானத்தையும் அறுத்துட்டானுங்கடா" என்பாய். ஒரு சொட்டு சாராயம் தொடாதவன் நீ.

நாம் ஒன்றாக வேலை பார்த்த பழைய ஷெட்டில், அந்த ஆயுத பூஜையன்று மண் லாரிகளுக்குச் சந்தனம் பூசி மாலை போட்டிருந்தோம். நீ வேண்டாமென்று சொல்லியும் மேஸ்திரி விடவில்லை. "சாமி பிரசாதத்தையே வேணாங்கிறியா? துன்னுய்யா" என்று பொங்கலைக் கையில் திணித்தார். நீ தின்றாய். பிறகு என்னைப் பொரி மூட்டை எடுத்துவர அனுப்பினார்.

திரும்பி வந்தபோது நீ தரையில் கிடந்தாய். விழாமலிருக்க லாரி மாலையைப் பிடித்திருக்கிறாய், அது அறுந்துவிட்டது. பூஜை போட்ட வண்டியில் குடிகாரன் கை வைத்துவிட்டானாம். நம்மோடு உட்கார்ந்து சோறு தின்றவர்கள்தான் பெல்ட்டைக் கழற்றியிருந்தார்கள். பழைய தையல் மேலேயே மிதித்தார்கள். ஒருவன் செல்லில் படம் பிடித்தான். "குடிச்சிட்டு நடிச்சிகினு கெடக்குறான் பாரு" என்று இன்னொருவன் சிரித்தான். ஜாக்கி ராடை எடுத்து அவன் தாடையை உடைத்தேன். கேஸ் நடக்கிறது, அவர்கள் மேலும் என் மேலும். நடக்கட்டும்.

உன் கழுத்தைத் தொட்டேன். ஜில்லென்று நனைந்திருந்தது. "நா குடிக்கலடா. நீயாவது சொல்லு" என்றாய். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. ஊர் இன்னும் குடித்துச் செத்தவன் என்றுதான் உன்னைச் சொல்கிறது. நானும் சளைக்காமல் ஒவ்வொருவனோடும் சண்டைக்கு நிற்கிறேன்.

இன்று மத்தியானம் புது டிரைவர் ஒருவன் தள்ளாடி வந்து லாரி மாலை மேல் சாய்ந்தான். பெல்ட்டுகள் கழன்றன. நான் ராடோடு குறுக்கே நின்றேன். "எவன் கை வெச்சாலும் மண்ட ஒடையும்" என்றேன். பிறகு அவன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது. வாயில் பிராந்தி நெடி.

நன்றாகவே குடித்திருந்தான். இருந்தும் ஒருவனையும் தொடவிடவில்லை.