முப்பது வருட எரு

ஜூன் 2, திங்கள்

ஒன்பது பேர். வகுப்பில் சத்தம் போட்டது மின்விசிறி மட்டும்.

கோச்சிங் சென்டர் நடத்தும் கிருஷ்ணசாமி, முடியும் வரை வாசலில் நின்றார். பிறகு சொன்னார்: "சேரன் சார், கணக்கு க்ளாஸ்ல ஒக்கார எடமில்ல. இங்கிலீசுல காத்தாடுது. ஞாயித்துக்கெழம எல்லாரையும் கூப்ட்டு ஒரு ஃப்ரீ க்ளாஸ் எடுங்க. பதினஞ்சு பேராவது பேர் குடுக்கணும். இல்லன்னா வீடியோ போட்டுக்கறேன். டிவி சும்மாதான கெடக்குது."

எனக்கு மாற்று ஒரு டிவி. அதுவும் சும்மா கிடப்பது.

விழுப்புரத்தில் எனக்கு இருப்பது இந்த ஒரு வேலை. வீடு இருக்கும் திண்டிவனத்தில் அதுவும் இல்லை.

ஜூன் 4, புதன்

என்ன எடுப்பது? இலக்கணம் எடுத்தால் தூங்குவார்கள். எனக்கே தூக்கம் வரும்.

கிரேக்கக் கதைகள். வங்கித் தேர்வுக்கு உதவும் சொற்கள். அசுர பலம் கேட்கும் வேலைக்கு ‘ஹெர்குலியன்’. முடிவே இல்லாத வீண் உழைப்புக்கு ‘சிசிஃபியன்’. தலைமுறைக் குப்பையைச் சுத்தம் செய்வதற்கு ‘ஆஜியன்’. பிறகு ‘டைட்டானிக்’ — கப்பல் என்பார்கள். கப்பலுக்கு முன்னால் டைட்டன்கள் என்ற ராட்சதர்கள் இருந்தார்கள் என்பேன்.

எம்.ஏ.வில் இதைப் பற்றி நாற்பது பக்கம் எழுதியிருக்கிறேன். டிவிக்கு இது வராது.

ஜூன் 7, சனி

கண்ணாடி முன் ஒத்திகை. அம்மா எட்டிப் பார்த்தாள். "யாராண்ட சண்ட?"

ஜூன் 8, ஞாயிறு

போச்சு.

அறை நிறைய ஆட்கள். ஆரம்பித்தேன். ஆஜியஸ் என்று ஒரு ராஜா. மூவாயிரம் மாடு. முப்பது வருடமாகச் சாணி அள்ளாத தொழுவம். ஒரே நாளில் சுத்தம் செய்ய வேண்டும். ஹெர்குலிஸ் இரண்டு ஆறுகளைத் திருப்பிவிட்டான். மொத்தமும் அடித்துக்கொண்டு போயிற்று.

நிறுத்தினேன். வியப்புக்கு இடம் விட்டேன் — ஒத்திகையில் அது அங்கேதான் இருந்தது.

புனிதா எழுந்தாள். காணை கிராமத்துக்காரி, வீட்டில் நான்கு மாடு, கொஞ்சம் கரும்பு.

"எரு எங்க சார் போச்சு?"

"ஆத்துல."

"மொத்தமுமா?"

"மொத்தமும்."

"முப்பது வருசம் மக்குன எரு சார் அது. ஒரு டிராக்டர் லோடுக்கு நாங்க ஊரு ஊரா கேட்டுக்கினு கெடக்கறோம்." உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள். "அந்த ஊர்ல வெவசாயமே கெடையாதா?"

"சொல்லி அனுப்பியிருந்தா வண்டி கட்டிக்கினு வந்து அள்ளினு போயிருப்பாங்களே" என்றது பின்வரிசை.

அவசரமாக சிசிஃபஸுக்குத் தாவினேன். மலைமேல் கல்லை உருட்டுகிறான். உச்சிக்குப் பக்கத்தில் போனதும் அது நழுவிக் கீழே வந்துவிடும். மறுபடி உருட்டுவான். காலம் முழுக்க.

தேவா கை தூக்கினான். காலையில் லாரியிலிருந்து மல்லாட்டை மூட்டை இறக்கிவிட்டு வருகிறவன். "லாரி டயருக்குப் போடற மாதிரி ஒரு கட்ட போட்டா நிக்குமே சார்."

"அது சாபம், தேவா."

"கட்ட போடக் கூடாதுன்னு சாபத்துல சொன்னாங்களா?"

சொல்லவில்லை. நான் படித்த எதிலும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு வகுப்பு இல்லை, சந்தை. கரும்பலகையில் இரண்டு சொல்லோடு நின்றேன். வாசலில் கிருஷ்ணசாமி, கையைக் கட்டிக்கொண்டு.

நாற்பது பக்கம் எழுதியவன் நான். எரு எங்கே போயிற்று என்று கேட்கத் தோன்றவில்லை. எந்த ஊரில் வளர்ந்தேன்?

ஜூன் 9, திங்கள்

போகவில்லை. வயிற்று வலி என்றேன். பாதி பொய்.

ஜூன் 10, செவ்வாய்

கிருஷ்ணசாமி போன்.

"வவுறு எப்டி இருக்குது?"

"பரவால்ல சார்."

"பதினாலு பேரு. எருக் கதை சொன்ன சார் எப்ப வருவாருன்னு ஒரே பேஜாரு."

பதினாலு. ஒன்று குறைகிறது. அவர் இருமினார்.

"பதினஞ்சுன்னு வெச்சிக்குங்க. சாப்புட்டுக்கினே வீட்ல இந்தக் கதைய சொன்னேன். தப்பு ராஜா மேலன்னுது எங்க வீட்டம்மா ரோஜா. மாட்டையும் வெச்சிக்கினு முப்பது வருசம் தொழுவத்துப் பக்கம் போவாதவன் ராஜாவான்னு கேக்குது. நான் சாராண்டயே பேசிக்கறேன், பேர எழுதுன்னு ஒரே புடி."

"மேடம் பேங்க் எக்ஸாம் எழுதறாங்களா சார்?"

"எக்ஸாம்லாம் அப்பறம். மொதல்ல சண்ட."

ஜூன் 16, திங்கள்

பதினைந்து பேர். ரோஜா மேடம் முன்வரிசை. கணவர் வாசலில் நிற்கவில்லை. நிற்க விடவில்லை என்று கேள்வி.

‘ஹெர்குலியன்’ வைத்து ஒரு வாக்கியம் எழுதச் சொன்னேன். புனிதா எழுதியது தமிழில் இப்படி வரும்: ஹெர்குலியன் உழைப்பு உழைத்து அவன் ஊரை நஷ்டப்படுத்தினான்.

வாக்கியம் சரி. முழு மதிப்பெண்.

ஜூன் 19, வியாழன்

நாளை அட்லஸ். வானத்தைத் தோளில் சுமந்து நிற்பவன்.

வீட்டுக்குப் போகும் சாயங்கால பாசஞ்சரில் ஜன்னலோரம். தேவா என்ன கேட்பான்? எது மேல நின்னுக்கினு சார், என்பான். எழுதினேன், அடித்தேன், எழுதினேன். ரோஜா மேடம்? தோள் மாத்தி உட ஒரு ஆளு கெடையாதா, என்பார். ஒரே ஒரு முறை ஒருத்தன் வந்தான். அதே ஹெர்குலிஸ். அவன் பெயரை எடுத்தால் வகுப்பு அதோடு முடிந்தது. வேறு வழியில் சொல்ல வேண்டும். எப்படி?

நிமிர்ந்தபோது திண்டிவனம் போயிருந்தது.

அடுத்த ஸ்டேஷன் ஒலக்கூர் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். புனிதாவின் கேள்வி என்னவாக இருக்கும் என்று இன்னும் பிடிபடவில்லை.