கேள்வி கேட்டது என்னைத்தான்

மார்ச் 4, செவ்வாய்

என்னங்க,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன் என்று எழுத என்ன இருக்கிறது? கொண்டுவந்து விட்டதே நீங்கள்தானே. இருந்தாலும் எழுதச் சொன்னீர்கள், எழுதுகிறேன். நீங்கள் கிளம்பிய கையோடு இந்த இயற்கை வைத்தியசாலைக்காரர்கள் கைப்பேசியை வாங்கி அலமாரியில் பூட்டிவிட்டார்கள். மூன்று வாரமும் கடிதம்தான்.

அறை சின்னது. ஒரு கட்டில், ஒரு ஜன்னல். காலையில் ஈர மண்ணைத் துணியில் பொதிந்து வயிற்றில் கட்டிப் படுக்கவைக்கிறார்கள். ஐயோ, அந்தச் சில்லிப்பு! அப்புறம் தொட்டியில் இடுப்பளவு தண்ணீரில் உட்காரவேண்டும். சாப்பாடு என்று பேர், வேகவைத்த காய்தான். உப்பைக் கண்ணிலேயே காட்டுவதில்லை. பிரஷர் மாத்திரையை மட்டும் நிறுத்தவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார் டாக்டரம்மா.

அந்த அம்மா இன்று என்னைத் தனியாகக் கூப்பிட்டார். முதல் நாள் நீங்களும் கூட இருந்தீர்களே, ஒரு மணி நேரத்துக்கு மேல் கேள்வி கேட்டாரே, தலைவலி எப்போது ஆரம்பித்தது, தூக்கம் எப்படி, பசி எப்படி, கோபம் வருமா என்று. எல்லாவற்றுக்கும் நீங்களே பதில் சொன்னீர்கள். நல்லவேளை, நாக்கை மட்டும் நானே நீட்டினேன்.

இன்று அதே கேள்விகளை முதலிலிருந்து ஆரம்பித்தார். "என்ன சாப்பிடப் பிடிக்கும்மா?" என்றார். "அவருக்குப் புளிப்பு ஆகாதுங்க" என்றேன். "நான் உங்களைக் கேட்டேன்" என்றார். யோசித்தேன், யோசித்தேன், ஒன்றும் வரவில்லை. அழுகை வந்துவிட்டது. இதில் அழ என்ன இருக்கிறது, சொல்லுங்கள்?

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி


மார்ச் 7, வெள்ளி

என் தங்கத்துக்கு,

உன் கடிதத்தைப் பார்த்ததிலிருந்து கடையில் வேலையே ஓடவில்லை. ஒருவருக்குப் படிக்கிற கண்ணாடிக்குப் பதிலாக வேறு யாருடையதையோ எடுத்துக் கொடுத்துவிட்டேன். அழுதாயாமே! பக்கத்தில் நான் இல்லாமல் போனேனே.

கவலையை விடு. அங்கே ஆபீசுக்குப் போன் போட்டு எல்லாம் சொல்லிவிட்டேன். உனக்கு இனிப்புதான் பிடிக்கும், இடப்பக்கம் சாய்ந்துதான் படுப்பாய், படுத்தால் அடித்துப்போட்டாற்போலத் தூங்குவாய், கோபம் என்பது உனக்குத் தெரியவே தெரியாது. ஒன்று விடாமல் சொன்னேன். எழுதிக்கொண்ட பெண், "சார், நீங்க போதும், அம்மா வரவே வேண்டாம்போல" என்று சிரித்தாள்.

நம் மகளிடம் பேசினேன். "அம்மாவைக் கொஞ்சம் மூச்சுவிட விடுங்கப்பா" என்கிறாள். மூச்சுவிடத்தானே அங்கே அனுப்பியிருக்கிறேன்? நல்ல பிள்ளை போ.

தலைவலி எப்படி இருக்கிறது? அதை எழுதவே இல்லையே.

உன் கண்ணாடிக்கடைக்காரன்


மார்ச் 11, செவ்வாய்

என்னங்க,

தலைவலி இல்லை. வந்த மறுநாளே போய்விட்டது. அதை உங்களுக்கு எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் எழுதவில்லை.

நீங்கள் போனில் சொன்னதையெல்லாம் டாக்டரம்மா வாசித்துக் காட்டி, "இதெல்லாம் சரியா?" என்றார். இடப்பக்கம் சாய்வது சரி. தூங்குவது பொய். பல வருஷமாகவே நான் விழித்துக்கொண்டுதான் படுத்திருக்கிறேன். கொஞ்சம் புரண்டால் போதும், நீங்கள் விளக்கைப் போட்டு, என்னம்மா, ஏம்மா, பால் காய்ச்சட்டுமா என்று எழுந்துவிடுவீர்கள். நான் குடித்து முடிக்கும்வரை நகரமாட்டீர்கள். அதற்குப் பயந்து, தூங்குகிறவளைப் போல மூச்சுவிடவே பழகிக்கொண்டேன்.

கோபம் வராதாம்! இதை எழுதும்போதே பேனா அழுந்தித் தாள் கிழிந்துவிட்டது.

நீங்கள் அடித்ததில்லை, ஒரு சுடுசொல் சொன்னதில்லை. யாரிடம் போய் நான் என்ன குறை சொல்ல? "கொடுத்துவைத்தவடி நீ" என்றுதான் சொல்வார்கள். அதைக் கேட்டுக் கேட்டே வாயை மூடிக்கொண்டேன். மூச்சு முட்டுகிறது, என்னங்க. நிஜமாகவே முட்டுகிறது.

கடையில் ஒரு கண்ணாடியை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போட்டு, "இப்பத் தெரியுதா?" என்று கேட்பீர்கள். வந்தவர் வாயைத் திறக்கும்வரை பொறுமையாக நிற்பீர்கள். என்னிடம் ஒருநாளாவது அப்படி நின்றதுண்டா?

இன்னும் ஒரு வாரம் கூடுதலாக இருக்கலாமா என்று இங்கே கேட்டிருக்கிறேன். கூப்பிட வராதீர்கள்.


மார்ச் 13, வியாழன்

தங்கம்,

தப்பு முழுக்க என்மேல்தான். உன்னைத் தனியாக விட்டிருக்கவே கூடாது. தனியாகக் கிடந்தால் மனசு கண்டதையும் யோசிக்கும்.

கடையைப் பூட்டிவிட்டு நானும் வருகிறேன். உன் பக்கத்து அறை காலியாக இருக்கிறதாம், மூன்று வாரத்துக்குப் பிடித்துவிட்டேன். டாக்டரம்மா முன்னால் இரண்டு பேரும் சேர்ந்தே உட்காரலாம். நீ பதில் தேடிச் சிரமப்பட வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன். திங்கட்கிழமை காலையில் உன் கதவைத் தட்டுவேன்.

உன் கண்ணாடிக்கடைக்காரன்


மார்ச் 19, புதன்

தங்கம்,

பெட்டியோடு வந்து நின்றேன். நீ முந்தின நாளே பஸ் ஏறிவிட்டாய் என்றார்கள். நீ சொல்லிவிட்டுப் போனதையும் ஆபீஸ் பெண் அப்படியே ஒப்பித்தாள்: "நான் வீட்டுக்குத்தான் போறேன். அவரு மூணு வாரமும் இருந்துட்டு வரட்டும். நடுவுல வந்தார்னா நான் மக வீட்டுக்குப் போயிடுவேன்." நீயா இப்படிப் பேசினாய்? அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். வேறு போக்கு இல்லை, கைப்பேசியைக் கொடுத்துவிட்டு அறைக்குள் போனேன். நான்கு சுவர். உன் சத்தமும் இல்லை.

இன்று டாக்டரம்மா கூப்பிட்டார். "நல்லாத் தூங்குறீங்களா?" என்றார். பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன். "எதுக்குப் பயப்படுவீங்க?" என்றார். மறுபடியும் அந்த நாற்காலியைத்தான் பார்த்தேன். உன்னைப் பற்றியென்றால் கடகடவென்று சொல்வேன். என்னைப் பற்றி ஒன்றுமே தெரியவில்லை, தங்கம். நீ அன்றைக்கு அழுதது இதற்குத்தானா?

அடுத்த வாரமும் கேட்பார். நான் தூக்கத்தில் எப்படி? குறட்டை விடுவேனா? பேசுவேனா? உனக்குத்தான் தெரியும். ஒரே ஒரு வரி எழுது.


மார்ச் 23, ஞாயிறு

என்னங்க,

தெரியும். விழித்துக் கிடந்தவளுக்குத் தெரியாமல் இருக்குமா? ஆனால் சொல்லமாட்டேன். அவர் கேட்டது உங்களை. பதில் வராவிட்டால் அழுங்கள், ஒன்றும் ஆகிவிடாது.

நேற்று மத்தியானம் கட்டில் முழுக்கப் புரண்டு புரண்டு தூங்கினேன். எழுந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. யாரும் என்னை ஏன் என்று கேட்கவில்லை.

உங்கள்மேல் பாசம் இல்லாமல் இல்லை. அது இருப்பதால்தான், நீங்கள் வந்ததும் மறுபடி பழையபடி வாயை மூடிக்கொள்வேனோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

மூன்று வாரமும் முடித்துவிட்டு வாருங்கள். வந்ததும் உங்கள் சாவியைப் போட்டுத் திறக்காதீர்கள். மணியை அடித்துவிட்டு வெளியே நில்லுங்கள். உள்ளே வரலாமா என்று கேளுங்கள். அன்றைக்கு என்ன சொல்வேன் என்று எனக்கே இன்னும் தெரியாது. நான் வாய் திறந்து சொல்லும்வரை, எவ்வளவு நேரமானாலும், பேசாமல் நில்லுங்கள்.