அப்பா வண்டிக்குப் புது முன் பிரேக்

தாராவி, பம்பாய்-17
20-9-1964

அன்பு மகன் காசிராஜனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம், மூன்றாவது யார் என்று யோசிக்காதே, அப்பாவின் மோட்டார் சைக்கிள்தான். அசாம் மழையில் நீயும் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் அம்மனிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பக்கத்து வீட்டுத் தங்கமயிலுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, தாயும் பிள்ளையும் நலம்.

உன் கடிதம் வந்தது. அப்பாவுக்குக் கால் இப்படி ஆன பிறகு வண்டி எதற்கு, என் சிநேகிதன் மாதுங்கா அனந்தநாராயணன் வந்து பார்ப்பான், அவனுக்கே விற்றுவிடுங்கள், நான் மாதாமாதம் பணம் அனுப்புகிறேன், முறுக்கு வியாபாரத்தை விட்டுவிட்டு உட்கார்ந்து சாப்பிடுங்கள் என்று எழுதியிருந்தாய். நல்ல எண்ணத்தில்தான் எழுதினாய், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நான் படித்துக்காட்டியதும் அப்பா, பையன் சொன்னா சரிதான் என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கைவண்டிச் சக்கரம் கால்மேல் ஏறின அன்றைக்குக்கூட அந்த மனுஷன் அப்படிப் படுக்கவில்லையடா. இந்த வண்டி நம் வாசலை விட்டுப் போகாது என்று அப்போதே முடிவு பண்ணிவிட்டேன்.

நீயே யோசித்துப் பார். உதைத்துக் கிளப்புவது வலது கால், கியர் போடுவதும் வலது கால். இடது காலுக்கு அந்த வண்டியில் பின் பிரேக்கை மிதிப்பது ஒன்றுதான் வேலை, அந்தக் கணுக்கால்தான் இப்போது மடங்காது. சரி, முன் பிரேக் கையில்தானே இருக்கிறது, அது போதாதா என்று பட்டறை கரீம் பாட்சாவிடம் போய்க் கேட்டேன். இது பட்டாளத்தில் கழித்துப்போட்ட வண்டி அக்கா, இத்தனை வருஷம் ஓடித் தேய்ந்தது, முன் பிரேக் பேருக்குத்தான் இருக்கு என்று சிரித்தார். அப்படியானால் நிற்கிற பிரேக்காகப் போடுங்கள் என்றேன். சிரிப்பை நிறுத்திவிட்டார். குர்லா பழைய இரும்புக் கடைகளில் நானும் அவரும் அலையாத அலைச்சல் அலைந்து, அடிபட்டுக் கிடந்த வேறொரு வண்டியின் முன் சக்கரத்தைப் பிடித்தோம். அதன் பிரேக் டிரம் நம் பருப்புக் குண்டான் அகலம் இருக்கும். பழையதில் உள்ளே இருக்கும் இரண்டு பிரேக் கட்டையில் ஒன்றுதான் நன்றாகக் கவ்வுமாம், இதில் இரண்டும் சேர்ந்து கவ்வுமாம். பிரேக் பிடிக்கும்போது டிரம்மின் மூடியும் சேர்ந்து சுற்றாமல் இருக்க ஒரு இரும்புப் பட்டையை வெல்டு வைத்தார். கட்டைகளின் மேல் கவ்வுகிற பட்டையை லைனிங் என்கிறார்கள், அதைப் புதிதாக அடித்ததும், பட்டறை ஒழுகுகிறதென்று அவற்றை மட்டும் நான் வீட்டில் கொண்டுவந்து வைத்திருந்தேன்.

எல்லாம் மாட்டி முடித்து அப்பாவைக் கெஞ்சிக் கூட்டிப்போனேன். சந்துக்குள்தான் ஓட்டினார். பிரேக்கைப் பிடித்தால் பிடிக்கவே இல்லை, வண்டி வழுக்கிக்கொண்டே போய்த் தண்ணீர் டிரம்மில் முட்டி நின்றது. இறங்கி, விட்டிரு ஏளா, போதும் என்றார். கரீம் பாட்சா சக்கரத்தைக் கழற்றி, லைனிங்கை மோந்து பார்த்து, இதில் கடலை எண்ணெய் எப்படி வந்தது என்று கேட்டார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். என்ன நடந்ததென்றால், நான் பார்க்காத நேரத்தில் உன் அப்பா அந்தக் கட்டைகளை எடுத்துத் தடவித் துடைத்து, மழைக்குத் துருப்பிடிக்கக்கூடாதென்று முறுக்கில் எண்ணெய் வடிக்கிற துணியில் சுற்றி வைத்திருக்கிறார். எனக்குக் கோபமே வரவில்லை. வண்டி வேண்டாம் என்று சொன்ன வாய் அதுதான், ஆனால் கை என்ன செய்திருக்கிறது பார். அந்த இடத்திலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. எண்ணெய் குடித்த லைனிங் இனி ஆகாது, வேறுதான் அடிக்கணும் என்றார் கரீம் பாட்சா. அடியுங்கள் என்றேன்.

மறுபடி மாட்டியதும் சயான் கோட்டைப் பக்கத்து இறக்கத்துக்குப் போனோம். ஆள் மட்டும் என்றால் நிற்கும், பின்னால் முறுக்கு டின் கனம் இருந்தால் நிற்குமா என்று அப்பா இழுத்தார். டின்னைவிட நான் கனம் என்று சொல்லிக் கேரியரில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். அந்த வண்டியில் நான் ஒரு நாளும் ஏறினதில்லை என்று உனக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டேன், பொய் சொல்வானேன். இறக்கத்தின் பாதியில் அப்பா பிரேக்கைப் பிடித்தார், ஒரு தடுமாற்றமும் இல்லாமல் வண்டி நின்றது. இறங்கட்டுமா என்று கேட்டேன். இரு, இன்னொரு தடவை போவோம் என்றார்.

அனந்தநாராயணன் அடுத்த மாதக் கடைசியில் வருவதாகச் சொல்லியிருக்கிறான், வண்டி விற்பதற்கில்லை என்று நீயே உடனே அவனுக்கு எழுதிப் போட்டுவிடு, மறந்துவிடாதே. இதற்காக என்மேல் வருத்தப்படாதே, வேளைக்குச் சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள். நீ நூறு வயது நல்லபடியாக இருக்க வேண்டும். அப்பாவும் இரண்டு வரி எழுதட்டும் என்று கடிதத்தைக் கொடுத்தேன். செம்பூர்க் கடைக்காரர்கள் காத்திருப்பார்கள், எனக்கு ஏது நேரம், நீயே எழுதிரு என்று சொல்லிவிட்டு டின்னைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

இப்படிக்கு,
உன் அம்மா
சீனியம்மாள்