அடித்தவன் பெயர்

குடிபாலா,
திங்கட்கிழமை.

அன்புள்ள டைரக்டர் யஸ்வந்த் தம்பிக்கு, பட்டாளத்து ரிட்டயர்டு நாயக் வேதாச்சலம் எழுதிக்கொள்வது. ஹைதராபாத்தில் நீங்களும் சத்தியவேட்டில் உங்கள் அம்மாவும் நலமாக இருக்க வேண்டும். நான் நலமாக இல்லை.

ஒன்பது முறை போன் செய்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் உங்கள் அசிஸ்டெண்ட் எடுத்து, சார் பேட்டியில் இருக்கிறார் என்கிறார். ஒரு மனுஷன் எத்தனை பேட்டிதான் கொடுப்பான்? அதனால்தான் ரிஜிஸ்டர் தபால். வீட்டில் தமிழ்தான், எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவேன் என்று நீங்கள் சொன்னதை நம்பித் தமிழிலேயே எழுதுகிறேன்.

படம் பார்த்தோம். நேற்றைக்கு முந்தின ஞாயிறு, சித்தூரில், மேட்னி. நானே வேன் பிடித்து இருபத்திரண்டு பேரை ஏற்றிக்கொண்டு போனேன். என் மனைவி கல்பனா புளிசாதம் வேறு கட்டிக்கொண்டாள், என்னவோ திருப்பதிக்கு நேர்த்திக்கடன் செலுத்தப் போகிற மாதிரி.

பட்டாளத்துப் படம் என்றாலே எனக்கு எரிச்சல் என்பது உங்களுக்குத் தெரியும். நீங்கள் என்னிடம் கதை கேட்க வந்தபோது உங்கள் முகத்துக்கு நேராகவே கத்தினேன். பனிமலையில் இருக்கிறவனுக்கு உதடு வெடிக்காதா, வயிற்றுப்போக்கு வராதா, மடிப்புக் கலையாத சட்டையோடு எவனை ஐயா அங்கே பார்த்தீர்கள் என்று. நீங்கள் மறுபேச்சு பேசாமல் எழுதிக்கொண்டீர்கள். சொன்னதெல்லாம் படத்தில் இருக்கிறது. ஸ்டவ் புகையில் எச்சில் கறுப்பாக வருவது, முட்டையைச் சுத்தியலால் உடைப்பது, மண்ணெண்ணெய் கேனை இழுத்துக்கொண்டு நாலு அடிக்கு ஒருதரம் நின்று மூச்சு வாங்குவது. இரண்டேகால் மணி நேரத்தில் ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை. பக்கத்துச் சீட்டுக்காரன் சண்டை எப்போது வரும் என்று என்னைக் கேட்டான், இன்டர்வெல்லோடு எழுந்து போய்விட்டான். போனால் போகிறான். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஆனால் அந்த வேனில் முன்சீட்டில் யாரை உட்காரவைத்து அழைத்துப்போனேன் தெரியுமா? பாலசமுத்திரத்துக் காஞ்சனாவை. பனிமலையில் என்னோடு இருந்து செத்துப்போன திருமலையின் மனைவியை. பக்கத்தில் அவர்கள் மகள் சந்தியா, ஸ்ரீ சிட்டி கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

இவ்வளவையும் வாய்விட்டுச் சொன்னவன் ஏன் அவளை அழைத்துப்போனாய் என்று கேட்பீர்கள். சினிமாக்காரர்கள் எப்படியும் மாற்றிவிடுவீர்கள் என்று நம்பினேன், தம்பி. நெஞ்சில் குண்டு வாங்குவான், கொடியைப் பிடிப்பான், நாலு வரி வசனம் பேசிச் சாவான், காஞ்சனா பெருமையாக அழுவாள் என்று. அந்தத் தைரியத்தில்தான் பதினெட்டு வருடம் கல்பனாவிடம்கூடச் சொல்லாததை உங்களிடம் சொன்னேன். என் புத்தியை எதால் அடிப்பது?

திருமலையின் உடம்போடு ஊருக்கு வந்தவன் நான். அவனும் நானும் திருப்பதியில் ஒரே நாளில் பட்டாளத்துக்குத் தேர்வானவர்கள், வேறு யாரை அனுப்புவார்கள்? அன்றைக்கு அவர்கள் வாசலில் நின்றுகொண்டு, தூக்கத்திலேயே போய்விட்டான், வலியே தெரியாது என்று காஞ்சனாவிடம் சொன்னேன். சந்தியாவுக்கு அப்போது இரண்டு வயது. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் காஞ்சனா கூலிக்குப் போய், அரை ஏக்கரில் வேர்க்கடலை போட்டு, பெண்ணைப் படிக்கவைத்தாள்.

நீங்கள் அவன் சாகக் கிடந்த மூன்று நாளையும் அப்படியே காட்டிவிட்டீர்கள். நெஞ்சில் நீர் கட்டி அவன் மூச்சுக்குத் தவித்ததை, மேகம் விலகாமல் ஹெலிகாப்டர் வராததை, கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, "ஊட்டுக்குப் போலாம், ஊட்டுக்குப் போலாம்" என்று கூடாரத்தை விட்டு எழுந்து எழுந்து ஓடியதை. தியேட்டரில் காஞ்சனா அழவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கடைசிவரை பார்த்தாள்.

இதற்குக்கூட உங்களைக் குறை சொல்லமாட்டேன். கேட்டது நான், கொடுத்தது நீங்கள். என் கோபம் வேறு. எல்லாவற்றையும் உள்ளபடி எடுத்துவிட்டு, ஒரே ஓர் இடத்தில் மட்டும் ஏன் மாற்றினீர்கள்?

மூன்றாம் நாள் அவனை அறைந்தது யார் என்று உங்களிடம் சொன்னேனே. மூன்று நாள் கண் மூடாதவன், அவன் குரலை ஒரு நிமிடம் பொறுக்கமுடியாமல், "வாய மூட்றா" என்று கன்னத்தில் ஓங்கி அறைந்தான். அதற்குப் பிறகு திருமலை பேசவே இல்லை. கூடாரத் துணிப்பக்கம் திரும்பிப் படுத்தான். இரண்டு மணி நேரத்தில் போய்விட்டான். உங்கள் படத்தில் அறைகிறவன் வடநாட்டு ஆள், வேறு பாஷைக்காரன். ஊர்க்காரனோ திருமலையின் தலையை மடியில் வைத்து அழுகிறான். நான் எப்போது மடியில் வைத்தேன்? எனக்கு நல்லது செய்ததாக நினைத்திருப்பீர்கள்.

வேன் திரும்பி வரும்போது காஞ்சனா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணா, தூங்கிக்கினு இருக்கும்போதே பூட்டாருன்னு சொன்னியே, எனக்காவத்தான சொன்ன? பரவால்ல. நீ மடியில வச்சிக்கினு இருந்தியே, அது போதும் எனக்கு" என்றாள். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் ஆரம்பித்தது. "அடிச்சவன் பேரு இன்னா அண்ணா? எந்த ஊரு?" என்று காலையில் ஒரு போன், சாயங்காலம் ஒரு போன். அதெல்லாம் சினிமாவுக்காகச் சேர்த்தது என்றேன். "அப்பிடின்னா மடியில வச்சிக்கினதும் சேர்த்ததா?" என்று கேட்டாள். தினமும் எல்லையம்மன் கோயிலில் விளக்கேற்றி, அடித்தவன் கை விளங்காமல் போகட்டும் என்று வேண்டுகிறாளாம். சந்தியா போனில் என்னிடம் சொல்லி அழுகிறாள். சாகப்போகிற மனுஷனை அடிக்க எப்படி மாமா மனசு வந்திருக்கும் என்கிறாள்.

இப்போது சந்தியா உங்கள் ஆபீஸ் நம்பரைக் கண்டுபிடித்துவிட்டாள். டைரக்டரையே கேட்டுவிடலாம் என்று அம்மாவும் பெண்ணும் முடிவு செய்திருக்கிறார்கள். அந்த அசிஸ்டெண்ட் என்னை விரட்டிய மாதிரி செத்துப்போனவனின் மனைவியை விரட்டமாட்டான்.

முதலில், எல்லாம் கற்பனை என்று ஒரு பொய் சொல்லிவிடுங்கள் எனக் கேட்கத்தான் உட்கார்ந்தேன். அப்படி எழுதி ஒரு தாளைக் கிழித்தும் போட்டேன். பதினெட்டு வருடம் ஒரு பொய் போதும், தம்பி. இன்னொன்றைத் தாங்க எனக்குத் தெம்பு இல்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை பாலசமுத்திரம் போகிறேன். கல்பனாவிடம் நேற்றுச் சொல்லிவிட்டேன். நானும் வருகிறேன் என்று மட்டும் சொன்னாள்.

அதுவரை காஞ்சனா கேட்டால் யார் பெயரையும் சொல்லாதீர்கள். பாவம், அந்த வடநாட்டுக்காரன் பெயரில் யாராவது உண்மையிலேயே இருந்துவிடப் போகிறான்.

உங்கள் படம் இன்னும் நூறு நாள் ஓடட்டும். அம்மாவுக்கு என் வணக்கம். ஞாயிறு கழிந்தும் காஞ்சனா உங்களைக் கேட்டுப் போன் செய்தால், நான் வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன் என்று அர்த்தம். அப்போது எனக்காகத் தயங்கவேண்டாம். என் பெயரைச் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
வேதாச்சலம்.