ஓஷில் எல்லாம் மலிவாம்

அன்புள்ள புருல்கானுக்கு,

நலமா? அம்மாவின் மூட்டுவலி குறைந்ததா? ரஷ்யக் குளிர் இன்னும் என்னைத் தின்றுவிடவில்லை.

நாரின் ஊரில் உள்ள நம் வீட்டை விற்றுவிட்டு தெற்கே ஓஷ் நகரத்துக்கு வா, அங்கே எல்லாம் மலிவு என்கிறானாம் உன் அண்ணன் தாலாய். என் பொருளாதார வகுப்பில் தூங்கி வழிந்தவன் எனக்கே பாடம் எடுக்கிறான்.

நேற்று விடுதியில் அடுக்குக் கட்டிலில் எனக்குக் கீழே படுக்கும் ஓஷ்காரன் அப்திசத்தாரிடம் இதைச் சொன்னேன்.

"மலிவுதான் வாத்தியாரே. விருந்தாளி வந்தா நாரின்காரங்க நீங்க ஆட்டையே வெட்டுவீங்க. நாங்க ஒரு சட்டி புலாவோட முடிச்சிருவோம்."

"அப்புறம் ஏன்டா இங்க வந்து செங்கல் தூக்குற?"

"விலை குறைச்சல்தான். வேலை அதைவிடக் குறைச்சல்."

அறையே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆட்டை வைத்து அளந்தாலும் அரிசியை வைத்து அளந்தாலும், இரண்டு ஊர்க்காரர்களும் ஒரே கட்டிலில் மேலும் கீழுமாகத்தான் கிடக்கிறோம்.

வீட்டை விற்காதே. ஊரிலிருந்து யாராவது வந்தால் கம்பளிக் காலுறையும் கொஞ்சம் காய்ந்த தயிர் உருண்டையும் கொடுத்தனுப்பு. இங்கே கடையில் விற்பது புளிப்பதேயில்லை.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. வீடு போய்விட்டால் நான் எந்த ஊருக்குத் திரும்புவது என்று உன் அண்ணனிடம் கேட்டு எழுது.

உன்
எசென்கூல்