கடைசி எண் ஏழு: ஜோலின் வெடலின் ராக்கெட் குறித்து

அனுப்புநர்:
மார்லிஸ் கிரேபில்,
பொறுப்பாளர், ராக்கெட் பிரிவு,
ஃபோர்-எச் இளைஞர் மன்றம்,
ஆல்ட்ஃபெல்ட், பிளம் கிரீக் கவுண்டி, கான்சாஸ்.

பெறுநர்:
திரு. ராய்ஸ் ஹாக்மன் அவர்கள்,
இயக்குநர், கவுண்டிப் பூங்காத் துறை.

பொருள்: கோதுமைத் திருவிழாவில் ராக்கெட் விழுந்தது – பூங்கா அறிவிப்பிலிருந்து செல்வி ஜோலின் வெடல் என்பவரின் பெயரை நீக்கவும், பழைய விமான ஓடுபாதையை ஒரு காலை மட்டும் திறந்துவிடவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கூடாரத் துணியைக் கிழித்துக்கொண்டு வந்த ராக்கெட் ஆப்பிள் பணியாரத்தில் குத்தி நின்றபோது, அந்த மேசையில் முள்கரண்டியும் கையுமாக இருந்தவர் தாங்கள்தான் என்பதை அறிவேன். தங்கள் பயம் நியாயமானது. தங்கள் இடத்தில் இருந்திருந்தால் நானும் அன்றே ஓடுபாதை மைதானத்தைப் பூட்டியிருப்பேன். என் குறை, பூட்டிய கதவில் தொங்கும் அறிவிப்பைப் பற்றியது. அதில் "பங்கேற்பாளர் ஜோலின் வெடலின் கவனக்குறைவால்" என்று எழுதியிருக்கிறது. அது உண்மையல்ல.

2. எங்கள் ராக்கெட்டில் போடும் மோட்டார், விரல் நீளத்துக்கு ஓர் அட்டைக்குழாய். ஒருமுறை எரிந்தால் குப்பைக்குத்தான் போகும். அதன்மேல் ஓர் எழுத்தும் இரண்டு எண்களும் அச்சாகியிருக்கும். எழுத்து பலத்தைச் சொல்லும். ஏ-யைவிட பி இருமடங்கு, பி-யைவிட சி இருமடங்கு. நடு எண் உந்தும் விசையைச் சொல்லும். எரிந்து முடிந்து எத்தனை நொடியில் பாராசூட் வெளியே தள்ளப்படும் என்பதைக் கடைசி எண் சொல்லும். எங்களுடையது கைக்கும் வாய்க்குமாக நடக்கும் மன்றம் என்பதால், மொத்தமாகப் பெட்டியில் வாங்கிப் பிரித்துக்கொள்கிறோம். சிறிய ராக்கெட்டுக்கு ஏ போதும். அதில் சி-யைப் போட்டுவிட்டு அடுத்தவர் வயலில் தேடி அலைந்தால், மோட்டாரும் தண்டம், ராக்கெட்டும் தண்டம். எழுத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் சிக்கனம் பிடிக்கலாம். கடைசி எண்ணில் கைவைக்கக் கூடாது.

3. இந்த ஆண்டு ஏவும் நிகழ்ச்சியைக் கவுண்டி நிர்வாகமே நடத்துவதாகவும் மோட்டார்களைக் கவுண்டியே வாங்குவதாகவும் முடிவானது. பருத்த, கனமான ராக்கெட்டுகள் என்பதால் "சி6-3" வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். கொள்முதல் அலுவலர் திரு. டுவெய்ன் ஓட் "சி6-7" வாங்கினார். தள்ளுபடி விற்பனையில் அது பாதி விலைக்குக் கிடைத்ததாம். எழுத்து அதே, நடு எண் அதே என்று அவர் நினைத்திருக்கிறார். கெட்ட மனிதர் அல்லர். டிராக்டர் டயர் வாங்க வேண்டுமானால் அவரைத்தான் நானும் அனுப்புவேன்.

4. அன்று நான் அறுவடை இயந்திரத்தில் இருந்தேன். விளைந்த கோதுமை வயலில் நிற்கும்போது இந்தக் கவுண்டியில் யாரும் யாரையும் திருவிழாவில் தேடமாட்டார்கள். பெற்றோர் மூவர் நேரில் கண்டு சொன்னதையே கீழே தருகிறேன்.

பெட்டியைப் பிரித்ததும் ஜோலின், "மூணு போடணும் சார், இது ஏழு. பாராசூட்டு வெளிய வர்றதுக்குள்ள ராக்கெட்டு தரைக்கு வந்துரும்" என்று சொல்லியிருக்கிறாள். அதற்குத் திரு. ஓட், "மூணைவிட ஏழு பெரிசுதானேம்மா? கூட்டம் காத்துக்கிட்டு இருக்கு, பேசாமப் போடு" என்றிருக்கிறார். சிறுபிள்ளைகள் அதற்குள் மோட்டாரைச் செருகத் தொடங்கிவிட்டனர். உடனே ஜோலின், "அப்ப மொதல்ல என்னோடது போகட்டும். எல்லாரும் தள்ளி நின்னு மேலயே பாருங்க" என்று தன் ராக்கெட்டை வைத்தாள். ஏவுகம்பியைக் காலி ஓடுபாதைப் பக்கம்தான் சாய்த்தாள். ராக்கெட் காற்றை எதிர்த்துக் கூடாரப் பக்கம் திரும்பியது. பிறகு நடந்தது தங்களுக்கே தெரியும்.

மறுத்திருக்கலாமே என்று தாங்கள் கேட்கலாம். ஒலிபெருக்கியில் பெரியவர் ஒருவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அந்த வயதில் நான் என்ன செய்திருப்பேன் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

5. தாங்கள் அறியாதது ஒன்று உண்டு. தாங்கள் சட்டையைத் துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில், திரு. ஓட் அடுத்த பிள்ளையை அழைத்தார். ஜோலின் ஏவுபெட்டியின் சாவியை உருவித் தன் பையில் போட்டுக்கொண்டாள். அந்தச் சாவி இல்லாமல் எதுவும் பற்றிக்கொள்ளாது. அவர் மூன்று முறை கேட்டும் அவள் கொடுக்கவில்லை. அதன்பின் அன்று ஒரு ராக்கெட்டும் பறக்கவில்லை. கவனக்குறைவு என்று எழுதப்பட்டிருப்பது இந்தப் பெண்ணைத்தான். எனக்கு இதில் மிகுந்த வருத்தமும் கோபமும் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை.

6. ஒருமுறையாவது பறந்த ராக்கெட்டைத்தான் கவுண்டியின் ஆண்டுக் கண்காட்சியில் மதிப்பிடுவார்கள். மதிப்பீடு இம்மாதம் மூன்றாம் வாரம். ஜோலினுக்குப் பதினெட்டு வயதாகிறது. மன்றத்தில் அவளுக்கு இதுவே கடைசி ஆண்டு. உடைந்ததற்குப் பதிலாக வேறொன்று செய்துவிட்டாள். அது அவள் வீட்டுச் சமையலறையில் குளிர்பெட்டியின்மேல் சும்மா நிற்கிறது. ஊரைச் சுற்றிலும் அறுத்த வயல்களில் காய்ந்த கோதுமைத் தாள்; தீப்பொறி பட்டால் ஊரே போகும். புல் வெட்டிய காலியிடம் தங்கள் ஓடுபாதை ஒன்றுதான்.

7. ஆகவே, அவள் பெயரை அறிவிப்பிலிருந்து நீக்கவும், மதிப்பீட்டுக்கு முன் ஒரு சனிக்கிழமை காலை ஓடுபாதையைத் திறக்கவும் வேண்டுகிறேன். மோட்டார்களை மன்றமே தேர்ந்து தன் செலவில் வாங்கிக்கொள்ளும். மிச்சமுள்ள ஏழாம் எண் பெட்டி என் கொட்டகையில் இருக்கிறது, கவுண்டி எடுத்துக்கொள்ளலாம்.

8. இம்மனுவில் கையெழுத்திட ஜோலின் மறுத்துவிட்டாள். "குத்துனது என் ராக்கெட்டுதானே" என்கிறாள். அன்று வரிசையில் நின்ற மற்றப் பிள்ளைகள் எல்லாரும் கையெழுத்திட்டிருக்கிறார்கள். அவர்களுடைய ராக்கெட்டுகள் முழுசாக இருக்கின்றன.

ஏவுபெட்டியின் சாவியை இத்துடன் வைத்துள்ளேன். தங்களிடம் கொடுக்கச் சொன்னவள் அவள்தான். தாங்கள் அதை எடுத்துக்கொண்டு வரும்வரை எங்கள் மன்றத்தில் எதுவும் பறக்காது.

இடம்: ஆல்ட்ஃபெல்ட்
நாள்: ஜூலை 6

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
மார்லிஸ் கிரேபில்

இணைப்பு: பிள்ளைகளின் கையொப்பத் தாள், சாவி ஒன்று.